பதினேழு வயதோடு முடிந்துபோகும் பந்தயம்

குரோம்பேட்டையில் என்னோடு பத்தாவது வரை படித்தவன் ஒருவன் இருபது வருஷமாக அமெரிக்காவில், கொலராடோ பக்கம் இருக்கிறான். பனிக்காலம் வந்துவிட்டால் சனி, ஞாயிறுகளில் ஆளைப் பிடிக்க முடியாது. இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, மலைச்சரிவில் நட்டுவைத்த கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்னோபோர்டு பந்தயத்துக்குப் போய்விடுவான். வயது 48. தொப்பை உண்டு. முழங்காலில் அறுவைச் சிகிச்சைத் தழும்பும் உண்டு. போன தை மாதம் போனில் பேசியபோது முக்கால் மணி நேரமும் செலவுப் புலம்பல்தான்.

புலம்பலில் நியாயம் இருந்தது. மலை உச்சிக்குக் கம்பிவட நாற்காலியில் ஏற ஒரு நாள் டிக்கெட், வேய்ல் (Vail) போன்ற பெரிய பனிமலைகளில் நெரிசல் நாட்களில் 300 டாலரைத் தாண்டிவிட்டது. நம் கணக்கில் 25,000 ரூபாய்க்கு மேல். சீசன் முழுவதுக்குமான பாஸை முன்கூட்டியே வாங்கினால் மலிவு. ஆனால், பனி விழுமா, லீவு கிடைக்குமா என்று தெரியாமலே பணத்தைக் கட்ட வேண்டும். பந்தயப் பலகை சாதாரணக் கடைகளில் கிடைப்பதில்லை. ஒல்லியாக, விறைப்பாக, ஓட்டுபவரின் எடைக்கு ஏற்பச் செய்ய வேண்டும். உலகத்தில் அதைச் செய்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதற்கென்று தனியான கெட்டிக் காலணி வேறு. ஆகவே பெரியவர்கள் பெரும்பாலும் பழைய பலகை தேடி அலைகிறார்கள்.

“பந்தயத்துக்கு நுழைவுக் கட்டணம் எவ்வளவு?” என்று கேட்டேன்.

“அதுவா? அது சில டாலர்தாண்டா. அதெல்லாம் ஒரு செலவா?”

இந்தப் பதிலில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அங்கே மலைதான் விலை; பந்தயம் கொசுறு. நம் தென்சென்னைப் புறநகரில் சாலை இலவசம், கடல் இலவசம், விடியற்காலைக் காற்றும் இலவசம். நாற்பது வயதுக்காரன் கலந்துகொள்ள ஒரு பந்தயம் மட்டும் கிடைப்பதில்லை. கிடைத்தால் அதுதான் விலை.

அவன் ஓடுகிற பந்தயத்தின் பெயர் நாஸ்டார். 1968இல் ‘ஸ்கீ’ என்ற பத்திரிகையின் ஆசிரியராக இருந்த ஜான் ஃப்ரை தொடங்கிவைத்தது. யோசனை எளிது. ஒவ்வொரு மலையிலும் ஒரு சின்னப் பாதை. அந்த மலையின் தேர்ந்த வீரர் ஒருவர் முதலில் இறங்கி நேரத்தைப் பதிவுசெய்வார். அந்த வீரரின் வேகம் ஏற்கெனவே நாட்டின் முதல் நிலை வீரரோடு ஒப்பிட்டு அளக்கப்பட்டிருக்கும். அதை வைத்து, முதல் நிலை வீரர் இன்று இந்தப் பாதையில் இறங்கியிருந்தால் 20 விநாடி என்று கணக்குப் போடுகிறார்கள். நீங்கள் 25 விநாடியில் இறங்கினால் அவரைவிட 25 சதவீதம் மெதுவு. அதுதான் உங்கள் எண். எந்த ஊர் மலையில் இறங்கினாலும் அந்த எண்ணை ஒப்பிடலாம். பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பதக்கம் கொடுக்கிறார்கள். என் நண்பனின் எண் போன வருஷம் 38. இந்த வருஷம் 35. சம்பளம் ஏறியதைக்கூட அவன் இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதில்லை.

நாற்பதுக்கு மேல் பந்தயமா என்று சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல். ஆஸ்திரியாவின் கிளாடியா ரீக்லர் ஸ்னோபோர்டு இணைப் பெருஞ்சரிவுப் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனது 2015இல், 41 வயதில். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டபோது அவருக்கு 48.

தாம்பரத்தில் பனி கிடையாது. ஈஞ்சம்பாக்கத்தில் செயற்கைப் பனிக்கூடம் ஒன்று இருக்கிறது. கம்பளிக் கோட்டை வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு வரலாம். நிஜப் பனி வேண்டுமானால் ஸ்ரீநகருக்கு விமானம், அங்கிருந்து குல்மார்க். 2020இலிருந்து கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் அங்கே நடக்கின்றன. ஸ்னோபோர்டும் அதில் உண்டு. ஆனால், அது மாநில அணிகளுக்கானது. செம்பாக்கத்தில் குடியிருக்கும் வங்கி ஊழியருக்கானதல்ல.

இந்தப் பனிப்பலகைக்கு நம் கடலோடு ஓர் உறவு உண்டு. 1965 கிறிஸ்துமஸ் அன்று மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்களுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, அலைச்சறுக்குபோல் நின்றுகொண்டே இறங்க ஒரு பொம்மை செய்தார். ஸ்னோபோர்டின் மூதாதை அதுதான். அந்த அலைச்சறுக்கு இன்று நமக்குப் பக்கத்துக் கோவளத்தில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மீனவர் மூர்த்தி மேகவன் தொடங்கிய பள்ளியில் குப்பத்துப் பிள்ளைகள் பலகையில் நின்று பழகினார்கள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். கடல் யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை. ஆனாலும் பலகையை மாநகரப் பேருந்தில் ஏற்ற முடியாது என்கிற ஒரு காரணத்தாலேயே கார் இல்லாத நடுவயதுக்காரர் அங்கே கழன்றுகொள்கிறார். ஆகவே, காசில்லாதவரும் தொடக்கூடிய பந்தயம் என்று பார்த்தால் மிஞ்சுவது சைக்கிள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தேகாலுக்கு வண்டலூர் சந்திப்பில் நின்று பாருங்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு அந்த இடத்துக்கு உறக்கமே கிடையாது. ஆம்னி பேருந்துகளுக்கு நடுவே சிவப்பு விளக்குகள் மினுக்க மினுக்கச் சைக்கிள்கள் வந்து சேரும். பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர், மாடம்பாக்கம் என்று எல்லாப் பக்கமிருந்தும். தலைக்கவசத்தைக் கழற்றினால் பாதிப் பேருக்கு முன்நெற்றி காலி. ஐ.டி. மேலாளர், பள்ளி ஆசிரியர், மருந்து விற்பனைப் பிரதிநிதி, ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர். கேளம்பாக்கம் சாலையில் திரும்பி, கண்டிகை, மேலக்கோட்டையூர், மாம்பாக்கம், புதுப்பாக்கம் தாண்டி, கோவளத்தில் தேநீர். வெயில் ஏறுவதற்குள் வீடு.

பந்தயம் இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். ஆனால், மாம்பாக்கம் தாண்டியதும் பேச்சு நின்றுவிடும். மூச்சு மட்டும் கேட்கும். யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள்; எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து குளிப்பதற்கு முன்னால் ஸ்ட்ராவா செயலியைத் திறந்து, அந்த நாலு கிலோமீட்டரை யார் எவ்வளவு நேரத்தில் கடந்தார் என்று பார்ப்பது வாடிக்கை. என்னை முந்தியவர் எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் என்று ஒருமுறை தெரியவந்தது. எதிரெதிரே பார்த்துத் தலையாட்டிக்கொண்டதோடு சரி, நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

பெரியவர்களுக்குப் போட்டி மனசு போய்விடுவதில்லை. போட்டி போட இடம் கொடுக்காததால் அதை லாரிகளுக்கும் தெருநாய்களுக்கும் நடுவே திருட்டுத்தனமாக ஆடிக்கொண்டிருக்கிறோம். இது ஆபத்து. பெருமைக்குரியதல்ல. நான் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, சைக்கிள் என்ன விலை? இங்கேதான் நம் ஊரும் கொலராடோ ஆகிறது. வளைந்த கைப்பிடி வைத்த சாலைப் பந்தயச் சைக்கிள் ஒன்றை வாங்கப் போனால், அடிமட்ட வண்டிக்கே ஒரு மாதச் சம்பளம் போய்விடும். கார்பன் சட்டத்துக்குப் போனால் லட்சங்கள். முழு வண்டியாக இறக்குமதியானால் சுங்க வரி வேறு; 2023 பட்ஜெட்டில் அதை 30இலிருந்து 35 சதவீதமாக ஏற்றினார்கள். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது உண்மையிலேயே நல்ல செய்தி. ஆனால், அம்பத்தூரில் செய்த வண்டிக்கும் ஐரோப்பாவிலிருந்து வந்த வண்டிக்கும் இடையிலுள்ள இடைவெளியை அது மாற்றிவிடாது.

வண்டி மட்டும் அல்ல. போன மழைக்காலத்தில் இரும்புலியூர் அருகே கண்ணாடிச் சில் ஏறி என் டயர் பஞ்சர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பந்தய வண்டி. நெடுஞ்சாலையோரத்தில் மரத்தில் பழைய டயர் தொங்கவிட்ட கடை ஒன்று. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். டியூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடி, உப்புத்தாள் தேய்த்து ஒட்டுப் போட்டது எல்லாம் பத்து நிமிஷம். காற்று அடிக்கும்போதுதான் சிக்கல். பென்சில் முனைபோல் மெல்லிய பிரெஸ்டா வால்வு. அவருடைய கம்ப்ரசர் முனை அதில் உட்காரவே இல்லை. மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“சார், இது நம்ம ஊர் வண்டி இல்லயே. காத்துக்குக்கூட இதுக்குத் தனி வாயா?”

பித்தளையில் விரல்நுனி அளவு ஒரு மாற்றுமூடி இருந்தால் வேலை முடிந்தது. சில பத்து ரூபாய்ச் சாமான். என்னிடம் இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். பணம் கொடுக்கப்போனதற்கு, “காத்தே அடிக்கல, எதுக்கு சார்?” என்று பாதியைத் திருப்பிக் கொடுத்தார். பந்தயச் சைக்கிள் என்ற பெயரில் நாம் வாங்குவது, தெருமுனைக் கடைக்காரரின் நாற்பது வருஷக் கைத்திறனுக்கு எட்டாத ஒரு பொருளை. செலவில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. சாதாரணச் சைக்கிளாக இருந்தால் அவரே போதும்.

விலை உயர்ந்த வண்டிக்கான இந்த ஆயுதப் போட்டிக்கு எல்லை கிடையாது. பெரும்பணம் புழங்கும் தொழில்முறைச் சைக்கிள் பந்தயத்திலேயே, வண்டியின் எடை 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று உலக அமைப்பு 2000ஆம் ஆண்டிலிருந்து கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஜப்பானில் 1948இல் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் இன்னும் கெடுபிடி. ஆண்கள் பிரிவில் அங்கீகரித்த உருக்குச் சட்டம், அங்கீகரித்த உதிரிப் பாகம் மட்டும்தான். அங்கே மக்கள் வீரர்கள்மேல் பணம் கட்டிப் பந்தயம் பார்ப்பதால் காலுக்குக் கால் போட்டி இருக்க வேண்டும் என்பதற்காக.

இவர்களுக்கெல்லாம் சளைக்காத ஒரு விதியை நம் மாநிலம் சத்தமில்லாமல் வைத்திருக்கிறது. அண்ணா பிறந்தநாளையொட்டி, செப்டம்பரில், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் ‘பேரறிஞர் அண்ணா மிதிவண்டிப் போட்டி’யின் அறிவிப்பை வாசித்திருக்கிறீர்களா? இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி கொண்ட மிதிவண்டியைத்தான் கொண்டுவர வேண்டும் என்று அதில் இருக்கும். பன்னிரண்டு சொல் தாண்டாத விதி. அந்த ஒரு விதியால் கார்பன் சட்டம் காலி, வளைந்த கைப்பிடி காலி, அப்பாவின் கிரெடிட் கார்டும் காலி. அரசு கொடுத்த இலவசச் சைக்கிளில் வந்த பதினொன்றாம் வகுப்புப் பையனும் கடையில் வாங்கி வந்த பையனும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். 13 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு 15 கிலோமீட்டர், மாணவிகளுக்கு 10. 15, 17 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு 20, மாணவிகளுக்கு 15. முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்து 3,000, 2,000. நாலாவதிலிருந்து பத்தாவது வரை தலா 250. பத்தாவதாக வந்தவருக்கும் கையில் ஏதோ ஒன்று.

பரிசுத் தொகை சிறிதாக இருக்கலாம். ஆனால், உலகத்தில் எந்தப் பணக்கார நாட்டுச் சைக்கிள் சங்கமும் இவ்வளவு மலிவாகச் சமதளத்தை உண்டாக்கவில்லை என்பது என் எண்ணம். யார் அந்த வரியை எழுதினாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

ஆனால், பதினேழு முடிந்தால் அந்த இலவசச் சைக்கிள் பையனுக்கு அடுத்த செப்டம்பரில் அங்கே வேலை இல்லை. பதினெட்டு வயதுக்காரருக்கு, முப்பத்தெட்டு வயதுக்காரருக்கு, ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு அந்தச் சாதாரணக் கைப்பிடிப் பந்தயம் மூடிய கதவு. அதே அண்ணா பெயரில் நடக்கும் நெடுந்தூர ஓட்டத்தில் 17 முதல் 25 வரை ஒரு பிரிவு, 25 வயதுக்கு மேல் ஒரு பிரிவு என்று பெரியவர்களுக்கு இடம் இருக்கிறது. ஓடலாம், ஓட்டக் கூடாது! ஏன் இப்படி என்று யோசித்தால், யாரும் வேண்டுமென்று தடுத்ததாகத் தோன்றவில்லை. சைக்கிள் பள்ளிப் பிள்ளையின் வண்டி, வேலை கிடைத்ததும் பைக் வாங்கிவிடுவான் என்ற நினைப்பில் எழுதிய அறிவிப்பு அது.

முதலமைச்சர் கோப்பையில் பொதுப் பிரிவு என்று ஒன்று வந்தபோது மகிழ்ந்தேன். விதியைப் பார்த்தால் 15 முதல் 35 வரை. அரசு ஊழியராக இருந்தால் தனிப் பிரிவு உண்டு. முப்பத்தாறு வயதில் தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவர் பொதுமக்களிலும் சேர்த்தியில்லை என்றாகிறது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்திருப்பீர்கள். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று ஒவ்வொரு வயசுக்கும் ஆகிருதிக்கும் ஒரு பந்தயம். மாட்டுக்கு ஐந்து வகை பார்க்கத் தெரிந்த ஊர், மனிதரை முப்பத்தைந்தில் நிறுத்திவிடுகிறது.

நம் ஊரில் பெரியவருக்கு அனுமதித்திருக்கும் ஒரே விளையாட்டு, வாக்கிங். அதையும் மருத்துவர் எழுதிக்கொடுத்த பிறகு. சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு என்று நாளைக்கு நாற்பது நிமிஷம். இந்தக் கட்டுரையை உடல்நலம் என்ற பெயரில் எழுதியிருந்தால் எளிதாக ஒப்புதல் கிடைத்திருக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை. பந்தயத்தை மாத்திரையாக்க வேண்டாம். நேற்றைய என்னை இன்றைக்கு நாலு விநாடி முந்துகிறேன் என்ற அற்ப சந்தோஷத்துக்காகவே ஒருவர் பந்தயத்துக்கு வரலாம். பள்ளிக்கூடத்தில் அதைத்தானே கற்றுக்கொடுத்தோம்?

இந்தச் சந்தோஷத்தை அதிகம் இழப்பவர்கள் பெண்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாலையில் ஸ்கேட்டிங் வகுப்பு நடக்கும். எட்டு வயதுப் பிள்ளைகள் சக்கரக் காலணியில் சுற்றுவார்கள். ஓரமாகத் தண்ணீர் பாட்டிலும் புத்தகப்பையும் வைத்துக்கொண்டு அம்மாக்கள் நிற்பார்கள். அவர்களில் ஒருவரிடம், எங்கள் உறவுக்காரப் பெண்தான், “நீயும் ஒரு ரவுண்டு போயேன்” என்றேன். “போங்க மாமா, காலை உடைச்சுக்கிட்டா நாளைக்கு யாரு சமைக்கிறது?” என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, தான் பள்ளியில் 400 மீட்டரில் மாவட்ட அளவில் ஓடியதைச் சொன்னாள். எனக்கு இருபது வருஷப் பழக்கம், அன்றைக்குத்தான் தெரியும்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். எழுத்தறிவுத் திட்டத்தில் சைக்கிளா என்று கேட்டவர்கள் உண்டு. கல்குவாரிக் கூலிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் பாவாடை, தாவணி, சேலையோடு சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். அன்றைக்கு இருபது வயதில் ஓட்டப் பழகியவருக்கு இன்று ஐம்பதைத் தாண்டியிருக்கும். பெரியவர்களுக்கான சைக்கிள் பந்தயம் என்றால் பளபளக்கும் இறுக்க உடை ஆண்களைத்தான் நினைக்க வேண்டும் என்று யார் சொன்னது?

தனியார் நடத்தும் பந்தயங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் வருஷத்துக்குப் பல. இரண்டு வருஷத்துக்கு முன் ஒன்றுக்கு 1,800 ரூபாய் கட்டினேன். டி-ஷர்ட், பதக்கம், ஒலிபெருக்கி, மேடை, காலை ஐந்து மணிக்கு ஜும்பா நடனம், வாழைப்பழம், உப்புமா எல்லாம் இருந்தன. சிப் வைத்த எண் அட்டை வேலை செய்யவில்லை. பட்டியலில் நான் புறப்பட்டதாகவும் வந்துசேராததாகவும் இருந்தது. ஓடி முடித்ததற்குச் சாட்சி அந்த உப்புமாதான். மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. என் பீரோவில் இப்படிச் சேர்ந்த டி-ஷர்ட்டுகளில் பாதி இன்று வீட்டில் வண்டி துடைக்கிற துணி. நான் பணம் கட்டியது எனக்கு வேண்டாத எல்லாவற்றுக்கும். வேண்டிய ஒன்று, அதாவது நேரம், அதில் கிடைக்கவில்லை.

2004ஆம் ஆண்டு, காந்தி ஜெயந்தி அன்று, லண்டன் அருகே புஷி பூங்காவில் பால் சின்டன் ஹியூவிட் என்பவர் 13 பேரை வைத்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை நடத்தினார். அவருக்குக் காயம், ஓட முடியாத நிலை. நண்பர்களைப் பார்க்க ஒரு சாக்கு. கையில் ஸ்டாப் வாட்ச். வந்துசேர்ந்த வரிசைக்கு அடையாளமாக, இரும்புக் கடையில் வாங்கிய வாஷர்களில் எண் பொறித்துக் கொடுத்தார். பார்க்ரன் என்று இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடப்பது அதுதான். கட்டணம் கிடையாது. பதக்கம் கிடையாது. உங்கள் நேரமும், உங்கள் வயதுக்கு அது எவ்வளவு நல்ல நேரம் என்கிற சதவீதமும் கிடைக்கும். அறுபது வயதுக்காரர் அந்தச் சதவீதத்தில் இருபத்தைந்து வயதுக்காரரை முந்தலாம். நாஸ்டாரின் அதே தந்திரம், மலைச் செலவு இல்லாமல்.

சைக்கிளில் இதைச் செய்ய வழி இருக்கிறதா? நூறு பேரை ஒன்றாகச் சாலையில் விட்டால் விபத்து நிச்சயம். காவல்துறை அனுமதி தரத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. இதே சங்கடம் இங்கிலாந்தில் 130 வருஷத்துக்கு முன்னால் வந்தது. சாலையில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டக் கூடாது என்று அவர்களுடைய சங்கமே தடை போட்டுவிட்டது. 1895இல் பிட்லேக் என்பவர் வேறு வழி கண்டார். ஒருவர் பின் ஒருவராகக் குறிப்பிட்ட இடைவெளியில் புறப்பட்டு, கடிகாரத்தோடு மட்டும் போட்டி போடுவது. விடியற்காலையில், ஊர் தெரியாமல், கறுப்பு உடையில் ஓட்டினார்கள். பாதைக்குப் பெயர்கூட வைக்காமல் ரகசியக் குறியீடு வைத்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கோடை மாலைகளில் அங்கே சங்கங்கள் நடத்தும் பத்து மைல் ஓட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் சில பவுன். ஒரு கடிகாரம், ஒரு நாற்காலி, பெயர் எழுத ஒரு நோட்டு.

தென்புறநகரில் இதற்கு இடம் இருக்கிறது. சிறுசேரி சிப்காட்டின் உள்சாலைகள் ஞாயிறு காலையில் வெறிச்சென்று கிடக்கின்றன. அகலமும் உண்டு, தெருவிளக்கும் உண்டு. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமே, நாங்கள் வாரந்தோறும் கடந்துபோகிற அதே வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில் இருக்கிறது. அங்கே படிக்கிற மாணவர்களுக்கு நேரம் குறிக்கவும் போட்டி நடத்தவும் பயிற்சி வேண்டும். எங்களுக்கு நேரம் குறிக்க ஆள் வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ஐந்தரையிலிருந்து ஏழரை. நிமிஷத்துக்கு ஒருவராக நூறு பேர். ஓர் ஆம்புலன்ஸ், இரண்டு காவலர், நாலு கேன் தண்ணீர், கூம்புகள், ஒரு விசில். தலைக்கு நூறு ரூபாய் வாங்கினால் செலவு பெருமளவு கட்டிவிடும் என்று நினைக்கிறேன். ஆம்புலன்ஸும் காப்பீடும்தான் இதில் கனமான உருப்படிகள். அந்த இரண்டை விளையாட்டு மேம்பாட்டு ஆணையமோ தாம்பரம் மாநகராட்சியோ ஏற்றுக்கொண்டால் நூறு ரூபாயும் வேண்டியதில்லை. மாநகராட்சியாகி சில வருஷங்கள்தான் ஆகிறது, 70 வார்டுகள். குப்பைக்கும் குடிநீருக்கும் முன்னால் இதைச் சொன்னால் எங்கள் வார்டிலேயே அடிக்க வருவார்கள் என்பதும் தெரியும். ஆனால், இது குப்பை வண்டிக் காசில் கைவைக்கிற விஷயம் அல்ல. சாலை ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு அதைக் கொடுத்தால் போதும்.

வண்டி விதி முன்பே எழுதித் தயாராக இருக்கிறது: இந்தியத் தயாரிப்பு, சாதாரணக் கைப்பிடி. லட்ச ரூபாய் வண்டிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவர்களுக்குத் தனி வரிசை வைத்துக்கொள்ளலாம்; மாட்டுவண்டிக்காரர்களைக் கேட்டால் பெயரும் வைத்துத் தருவார்கள்.

முதலில் செய்ய வேண்டியது இதைவிடச் சிறியது. செங்கல்பட்டு மாவட்ட விளையாட்டு அலுவலர் வருகிற செப்டம்பரில் அண்ணா மிதிவண்டிப் போட்டி அறிவிப்பை வெளியிடும்போது, ‘17 வயதுக்கு உட்பட்டோர்’ என்ற வரிக்குக் கீழே ‘18 முதல் 35’, ‘36 முதல் 50’, ‘50க்கு மேல்’ என்று ஆணையத்தின் ஒப்புதலோடு மூன்று வரி சேர்க்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும். பரிசுப் பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வந்துசேர்ந்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். வயதுச் சான்றுக்குப் பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்து எங்களுக்குக் கிடைக்காது. ஆதார் அட்டையைக் கொண்டுவருகிறோம்.